அக்காவின் துருவைப் பார்க்க ஏற்காடு போனது

தூத்துக்குடிக்காரனிடம் போய்த் துரு அழகு என்று சொன்னால் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பான். எங்கள் ஊரில் ஜன்னல் கம்பி, கேட், சைக்கிள், ஃபிரிட்ஜின் அடிப்பாகம் என்று எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்றுகொண்டிருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை பெயிண்ட் டப்பாவும் கையுமாக வீட்டைச் சுற்றி வருகிறவன் நான். துறைமுகத்தில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு ஓய்வு பெற்ற எனக்கு வேறு பொழுதுபோக்கும் கிடையாது. அப்படிப்பட்டவனை, ஒரு இரும்பில் துரு எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்துப் படம் எடுத்து வரச்சொல்லி ஏற்காட்டுக்கு அனுப்பினாள் என் அக்கா.

அக்கா சிற்பி. ஒன்பது வருஷத்துக்கு முன்பு, துறைமுகத்தில் கழித்துப் போட்ட ஒரு பழைய இழுவைக் கப்பலின் தகடுகளை ஏலத்தில் எடுத்து, வளைத்து, தன் கையாலேயே வெல்டிங் வைத்து, ஏழு பெரிய விலா எலும்புகள் செய்தாள். அவற்றைச் சேர்வராயன் மலையில் ஒரு காபி எஸ்டேட்டுக்குள் இருக்கும் சிற்பப் பூங்காவில் கொண்டுபோய் நிறுத்தினாள். பெயர் ‘கரை’. கடலில் பிடிக்க ஆரம்பித்த துரு மலை மழையில் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் அந்தச் சிற்பமாம். நான் ஏலப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி. அங்கே போய்ப் பார்த்ததில்லை.

இப்போது அவள் செய்தவற்றையெல்லாம் சேர்த்து ஒரு புத்தகம் வருகிறது. அதற்குக் ‘கரை’யின் இன்றைய படம் வேண்டும். முழங்காலில் ஆபரேஷன் ஆகி அக்கா கம்பு ஊன்றி நடை பழகிக்கொண்டிருக்கிறாள். “ஏல தம்பி, நீ போயிட்டு வா. பக்கத்துல போயி எடு. தூரத்துல நின்னு கல்யாண வீட்டுல எடுக்க மாதிரி எடுத்துட்டு வந்திராத” என்றாள். இரண்டு பெட்டி மக்ரூன் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் ஊர்க்காரன் வெறுங்கையோடு எங்கேயும் போக மாட்டான்.

சேலத்தில் முதல் காரியமாகத் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் இரண்டு விதச் சட்னியும் வைத்து அழுத்திக் கொடுக்கிறார்கள். கடித்தால் பாதி வாய்க்குள்ளும் பாதி சட்டைமேலும் போகிறது. பக்கத்தில் நின்ற ஒருவர் என் சட்டையைப் பார்த்துவிட்டு, “முழுசா வாயில போட்டுக்கோணுமுங்க, கடிக்கப்படாது” என்று கற்றுக்கொடுத்தார். அதற்கப்புறம் மூன்று செட் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அடிவாரம் தாண்டி பஸ் வளைவுகளில் ஏற ஆரம்பித்ததும் அந்த மூன்று செட்டும் தங்கள் இருப்பைத் தெரிவித்தன. பக்கத்து சீட்டு அம்மாள் மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி, “ஏனுங்க, இத மோந்துக்கிட்டே வாங்க, சரியாப் போயிரும்” என்று கொடுத்தார். பதினோராவது வளைவில் சில்வர் ஓக் மரம் ஏற்றிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி யோசனை சொல்லப் போனோம். துறைமுகத்தில் இதைவிடப் பெரிய வண்டியெல்லாம் திருப்பியதைப் பார்த்தவன் என்கிற தைரியத்தில் நானும் இரண்டு யோசனை சொன்னேன். டிரைவர் அவற்றைக் காதில் வாங்காமல் லாரியை எடுத்துவிட்டார். திரும்பி வந்தால் என் சீட்டில் ஒரு குரங்கு உட்கார்ந்து மக்ரூன் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தும் அவசரப்படவில்லை.

“விடுங்க, அதுக்கும் உங்க ஊர் பலகாரம் திங்கக் குடுத்து வெச்சிருக்குது” என்றார் எலுமிச்சம்பழ அம்மாள்.

மறுநாள் வியாழக்கிழமை. செம்மநத்தம் போகும் பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் சொன்ன இடத்தில் இறங்கினேன். மூடுபனியில் முதலில் எதுவும் தெரியவில்லை. அப்புறம் ஒரு பச்சைக் கேட் தெரிந்தது, கேட்டுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் தெளிவாகக் கேட்டது. “உள்ள வாங்க சார், நாய் ஒண்ணும் பண்ணாதுங்க.”

அவர் பழனியம்மாள். ஐந்து மாதமாக இந்தப் பூங்காவைப் பார்த்துக்கொள்கிறவர். கணவர் சடையப்பன் இதே எஸ்டேட்டில் காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மிஷினை ஓட்டியவர். அவர் அதிகம் பேசுவதில்லை, அந்தக் குறையைப் பழனியம்மாள் தீர்த்துவைக்கிறார். நான் சிற்பியின் தம்பி என்றதும் ஒரு நாற்காலி வந்தது, கடுங்காப்பி வந்தது. மிச்சமிருந்த மக்ரூன் பெட்டியைக் கொடுத்தேன். எங்கள் ஊரில் பல்லில் நொறுங்குகிற சாமான், மலைப்பனியில் ஒரே நாளில் பஞ்சாகத் தளர்ந்துபோயிருந்தது. ஆனால் இருவரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் சாப்பிட்டார்கள்.

பழைய காபி குடோனைத்தான் கேலரியாக ஆக்கியிருக்கிறார்கள். சுவரில் ஓவியங்கள், தரையில் இன்னும் காபி வாசனை. பின்கதவைத் திறந்தால் சில்வர் ஓக் மரங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே சிற்பங்கள். பழனியம்மாள் கூடவே வந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். கருங்கல்லில் ஒரு எருமை படுத்திருந்தது. “இது எருமைங்க. பனி பெய்யறப்போ நெசமாலுமே மூச்சு வுடறாப்பல இருக்கும்.” செங்கல்லில் எங்கேயும் போகாத ஒரு படிக்கட்டு. “இதுல ஏறி எங்கீங்க போறது? நானும் ஏறிப் பாத்துட்டேன்.” அப்புறம் பளிங்கில் குழிவாக ஏதோ ஒன்று. “இது என்னன்னு தெரியலீங்க. ஆனா மழத்தண்ணி நின்னுதுன்னா தவள வந்து முட்ட வெக்குது.” கலைக்கண்காட்சிகளுக்கு அக்காவோடு போய் எத்தனையோ விளக்கம் கேட்டிருக்கிறேன், எனக்குப் புரிந்தது இதுதான்.

“உங்க அக்கா செஞ்சத கடைசியாக் காட்டலாமுன்னு வெச்சிருக்கறேன்” என்று ஒரு திருப்பத்தில் என்னை நிறுத்தினார். அவரே முன்னால் போய் நின்றுகொண்டு, “இப்ப வாங்க” என்றார்.

போனேன். ஏழு விலா எலும்புகளும் ஆளைவிட உயரமாக, பளபளவென்று நின்றன. பச்சை. எஸ்டேட் கேட்டுக்கு அடித்த அதே பச்சை. ஒவ்வொரு விலாவிலும் சந்தனமும் குங்குமமும் பொட்டு வைத்து, நடு விலாவில் ஒரு காய்ந்த சாமந்தி மாலை தொங்கியது.

“ஏனுங்க சார், எப்படி இருக்குதுங்க?”

பழனியம்மாளே தொடர்ந்தார். “ஆயுத பூசைக்கு எஸ்டேட்டுல இரும்புச் சாமான் அத்தனையும் தேச்சு, பெயிண்ட் அடிச்சு, பொட்டு வெக்கோணுமுங்க. பல்பரு, தராசு, கேட்டு எல்லாத்துக்கும் செஞ்சோம். இது ஒண்ணு மட்டும் பாவம், துரு ஏறி அனாதையாட்டம் நின்னுச்சுங்க. எனக்கு முன்ன இருந்தவங்க கண்டுக்காமயே உட்டுட்டாங்க. நவராத்திரி ஒம்பது நாளும் உப்புத்தாள் வெச்சு நாந்தான் தேச்சேன். உள்ள நொழஞ்சு, படுத்துக்கிட்டுத் தேச்சேனுங்க. துரு புடிக்காம இருக்க ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, மேல ரெண்டு கோட்டு பச்ச.”

“ரெட் ஆக்சைடும் போட்டீங்களா?” என்று கேட்டேன். அது என் வாய் தானாகக் கேட்டது.

“அது போடாம அடிச்சா ஒரே மழைல உரிஞ்சு போகுமுங்களே!”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மிக நேர்த்தியான வேலை. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை, பிரஷ் முடி ஒன்றுகூட ஒட்டவில்லை. என் வீட்டு வாசல் கேட்டுக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்தால் கும்பிட்டுக் கூப்பிடுவேன். “நல்லா இருக்கும்மா” என்றேன். அந்த முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அவர் அந்த விஷயத்தைச் சொன்னார். அவர்களுடையது தற்காலிக வேலை. எஸ்டேட் முதலாளியம்மா வசுமதி கோயம்புத்தூரில் இருக்கிறார், மகள் வீட்டுக்கு வெளிநாடு போய்விட்டு நாளை மறுநாள் சனிக்கிழமை வருகிறார். “மேடத்துக்குப் புடிச்சுதுன்னா வேலைய நெரந்தரம் பண்ணி இந்த ஊட்டையும் எங்களுக்கே குடுத்துருவாங்களாமுங்க. எங்களுக்குன்னு வேற ஊடு இல்லீங்க. அதுக்குத்தான் இத்தன பாடுபட்டு அடிச்சோம்.” சடையப்பன் தலையை மட்டும் ஆட்டினார்.

மதியம் சாமைச்சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். அவ்வளவு ருசியான குழம்பை அவ்வளவு குற்ற உணர்ச்சியோடு நான் சாப்பிட்டதில்லை.

சாயங்காலம் ஏற்காடு வந்து, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுத் தைரியம் வரவழைத்துக்கொண்டு, அக்காவுக்குப் படத்தை அனுப்பினேன். அப்புறம் போன் அடித்தது.

“என்னல இது?”

“கரை.”

“அது தெரியுது. யாருல பெயிண்ட் அடிச்சது?”

சொன்னேன். அக்கா கத்தினால் எனக்குப் பழக்கம், அறுபது வருஷமாகக் கேட்கிறேன். மெல்லப் பேசினால்தான் பயம். அன்று மெல்ல, “ஒன்பது வருஷ மழை. நான் எதையும் செய்யாம, தொடாம, காத்துக் கெடந்தேன். அதை ஒன்பது நாள்ல சொரண்டிட்டாளே” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏரியில் படகு மிதித்துக்கொண்டிருந்த புதுமணத் தம்பதி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்ததும் நேராக எஸ்டேட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சேர்வராயன் கோயிலைப் பார்க்காமல் ஏற்காடு வந்து என்ன பிரயோஜனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு ஜீப்பில் மலை உச்சிக்குப் போனேன். குகைக்கோயில். நன்றாகக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும், நிமிர்ந்தால் மண்டையில் இடிக்கும். எனக்கு இரண்டு முறை இடித்தது. பழனியம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று சாமியிடம் கேட்டேன். வெளியே வந்தால் காற்று ஆளைத் தள்ளியது. போய்ச் சேர் என்கிற மாதிரிதான் இருந்தது, போனேன்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்தத் துருதான் அந்தச் சிற்பம், அதை வளர விடுவதற்காகத்தான் அக்கா மலையில் கொண்டுவந்து வைத்தாள் என்று. பழனியம்மாள் முதலில் சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டதும் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்தார்.

“தொரு புடிக்கறதுக்குன்னே வெச்சாங்களா?”

“ஆமாம்மா.”

“அப்ப நாளைக்கு எங்கள அனுப்பிருவாங்களா சார்?”

நான் பதில் சொல்வதற்குள் சடையப்பன் கம்பி பிரஷ்ஷும் தின்னர் பாட்டிலுமாக வந்துவிட்டார். “பொளுது சாயறதுக்குள்ள பெயிண்ட உரிச்சுப்புடலாமுங்க” என்றார். நான் கேட்ட அவருடைய முதல் முழு வாக்கியம் அது. பிரஷ்ஷை வைக்கப் போனவரைத் தடுத்து, அக்காவிடம் கேட்டுவிடலாம் என்றேன். அங்கே தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றால் மட்டும் சிக்னல் வரும். மூன்று பேரும் ஏறி, அக்காவை வீடியோவில் கூப்பிட்டோம்.

அக்கா எடுத்தவுடன், “சொரண்டக் கூடாது. இருக்கதும் போயிரும். அந்தம்மாகிட்ட போனைக் குடு” என்றாள். போனைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்கப் பார்த்தேன். பழனியம்மாள் அதை என்னிடமே திருப்பி நீட்டியதால் நானே அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

“கும்புடறனுங்க. தெரியாமச் செஞ்சு போட்டேன். எங்களத் திட்டிப் போடுங்க, ஆனா ஊட்ட உட்டு மட்டும்…” என்றார் பழனியம்மாள்.

அக்கா திட்டவில்லை. திட்டத்தான் போனைக் கொடுக்கச் சொல்லியிருப்பாள், அந்த முகத்தைப் பார்த்து அவளுக்கும் வரவில்லை என்று நினைக்கிறேன். ஏதாவது கேட்க வேண்டுமே என்பதுபோல, “உள்ள பூந்து தேய்ச்சீங்களாமே? எந்த எடம் ரொம்பக் கஷ்டமா இருந்திச்சு?” என்றாள்.

பழனியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலையைப் பற்றிக் கேட்டதும் குரல் சீரானது. “மூணாவது விலாதானுங்க. கீழ, மண்ணுக்கு ஒரு சாண் மேல, உட்பக்கமா ஒரு வெல்டிங் ஒட்டு இருக்குது. மத்த ஒட்டெல்லாம் நெல்லு அடுக்கினாப்பல ஒரே சீரா இருக்குதுங்க. அது மட்டும் கட்டி கட்டியா, முன்னயும் பின்னயுமா ஓடியிருக்குது. எம் புருசன் பல்பருக்கு ஒட்டு வெக்கறத நான் பாத்திருக்கறேன். அத வெச்சவங்களுக்கு அன்னிக்குக் கை நடுங்கியிருக்குமுங்க.”

திரையில் அக்காவின் முகம் அசையவே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று தட்டிப் பார்த்தேன்.

“இவரு அதத் தேச்சுச் சமமாக்கிறலாமுன்னாரு” என்றார் பழனியம்மாள். “நாந்தான் வேண்டாமுன்னுட்டேன். யாரோ நொம்ப சிரமத்துல வெச்சது, இருந்துட்டுப் போவட்டுமுன்னு அப்படியே மேல பெயிண்ட் அடிச்சனுங்க.”

“அது அப்பா செத்த வாரம் நான் வச்ச ஒட்டு” என்றாள் அக்கா. அவரிடம் சொன்னாளா, என்னிடம் சொன்னாளா தெரியவில்லை. எனக்கு அந்த வாரம் நினைவு இருக்கிறது. சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்கு நான் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா பட்டறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதை, இவளுக்கு என்ன கல்நெஞ்சு என்று நான் உட்பட எல்லோரும் பேசினோம். ஒன்பது வருஷம் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் கேட்டதில்லை. அன்று தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்று வெட்கப்பட்டேன்.

சனிக்கிழமை வசுமதி மேடம் வந்தார். நல்ல மனுஷிதான், கலையை மதிக்கிறவர், அதனாலேயே அவருக்குத் தாங்கவில்லை. பச்சையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். “உங்க அக்கா முகத்துல நான் எப்படிங்க முழிப்பேன்?” என்று என்னிடம் சொல்லிவிட்டு, பழனியம்மாள் பக்கம் திரும்பாமலே, “இவங்களைக் கீழ எங்க தோட்டத்துக்கு அனுப்பிடறேன். இந்த வேலைக்கு விவரம் தெரிஞ்ச ஆள் வேணும்” என்றார். சடையப்பன் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்தபடி நின்றார். நான் மேடத்தைத் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏற்றி அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா நீட்டி முழக்கவில்லை. “அவங்க ரெண்டு பேரையும் மலையவிட்டு இறக்கணும்னா ஒண்ணு செய்யுங்க. அதே வண்டில என் இரும்பையும் ஏத்தி இறக்கிருங்க. எத்தனையோ பேரு வந்து பாத்துட்டு என்னென்னமோ எழுதுனாங்க. ஒருத்தரும் மூணாவது விலாவுக்கு உள்ளாற கைய விட்டதில்ல. விவரம் தெரிஞ்ச ஆளு அங்கதான நிக்கா” என்றாள். பச்சைப் படத்தையே புத்தகத்தில் போடப்போவதாகவும் சொன்னாள். மேடம் போனை என்னிடம் கொடுத்துவிட்டு மேட்டிலிருந்து இறங்கி வந்து, “வீட்டுக் கூரையில ஓடு மாத்தணும்னு சொன்னீங்களே, எத்தனை ஓடு?” என்று சடையப்பனிடம் கேட்டார். அவருக்கு உடனே புரியவில்லை. பழனியம்மாளுக்குப் புரிந்தது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மேடம் போனதும் பழனியம்மாளுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அக்காவை மறுபடி கூப்பிடச் சொன்னார். “ஏனுங்க, தேய்க்கப்படாது, பெயிண்ட் அடிக்கப்படாதுங்கறீங்க. அப்ப அதுக்கு நான் என்னதான் செய்யறதுங்க? சும்மா சம்பளம் வாங்கினா ஒடம்புல ஒட்டாதுங்களே.”

“தெனமும் காலைல போயி அதுக்கு முன்னால உக்காந்து நல்லாப் பாருங்க. எங்க பச்ச உரியுது, எங்க துரு வருதுன்னு எனக்குச் சொல்லுங்க” என்றாள் அக்கா.

“உக்காந்து பாக்கறது ஒரு வேலையாங்க?”

“அதுதான்மா கஷ்டமான வேலை.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்குத் திரும்புவதற்கு முன், சொல்லிக்கொண்டு போகலாமென்று முதல் பஸ்ஸில் எஸ்டேட்டுக்குப் போனேன். வீட்டில் சடையப்பன் மட்டும் இருந்தார், தோட்டத்தைக் கை காட்டினார். மூடுபனிக்குள் நடந்தேன். ஏழு பச்சை விலாக்களுக்கு முன்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கையை மடியில் கோத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார் பழனியம்மாள். என் காலடிச் சத்தம் கேட்டும் தலையைத் திருப்பவில்லை.

“போயிட்டு வரேம்மா” என்றேன்.

“சித்த நேரம் இருங்க சார்” என்றார், மூன்றாவது விலாவிலிருந்து கண்ணை எடுக்காமல். “வேலையா இருக்கறேன்.”